கடன் அட்டை நிலுவையைத் தீர்த்த அனுபவம்: தொகைக்கு முன்னால் தவணை நாள்

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் உறுப்பினர்:

2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் அடுக்குமாடி வீடு ஒன்றுக்காக வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். அங்கிருந்த அதிகாரி என் பக்கம் திருப்பி வைத்த தாளில் 12 சிறு கட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒன்பதில் 0, மூன்றில் 1. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில், அதாவது ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் பதிவில், ஒரு கட்டம் ஒரு மாதத்தைக் குறிக்கும். 1 என்றால் அந்த மாதத்தில் ஒரு தவணை கட்டப்படாமல் நின்றது என்று பொருள். கையில் பணம் இருந்தும், பாயான் லெப்பாஸில் இரவு வேலை பார்த்த மாதங்களில் தவணை நாளை மறந்துவிட்டேன். வீட்டுக் கடன் கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு இரண்டு அட்டைகள். அப்பாவின் மருத்துவச் செலவு ஏறிய அட்டையில் 9,000 வெள்ளியும் (ரிங்கிட்) மற்றதில் 4,000 வெள்ளியும் நிலுவை. தொடர்ந்து 12 மாதம் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டியவருக்கு ஆண்டு வட்டி 15 விழுக்காடு, 10 மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18 என்பது நம் நாட்டு விதிமுறை. மூன்று மாதம் தவறியதால் பெரிய அட்டைக்கு 18 விழுக்காடு விழுந்தது. மாதம் 450 வெள்ளி கட்டினால் அதில் 135 வெள்ளி வட்டிக்கே போய்விடும். மீதி 315 வெள்ளியால் கடன் குறைவதற்குள் பெட்ரோலும் மளிகையும் அதே அட்டையில் ஏறிவிடும். வருடக்கணக்கில் கட்டியும் கடன் அசையாமல் இருந்ததன் காரணம் அன்று இரவு தாளில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. தவணை தவறினால் தாமதக் கட்டணமும் உண்டு. நிலுவையில் ஒரு விழுக்காடு என்ற கணக்கில் எனக்கு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 90 வெள்ளி போயிற்று.

முதலில் நான் செய்தது, இரண்டு அட்டைகளின் குறைந்தபட்சத் தொகையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும்படி ஏற்பாடு செய்ததுதான். அதன் பிறகே கூடுதல் தொகையைப் பற்றி யோசித்தேன். சிறிய கடனை முதலில் முடித்தால் மனத்தெம்பு வரும் என்று மச்சான் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் வட்டி கூடிய அட்டைக்கு மாதம் 850 வெள்ளி, மற்றதற்கு 200 வெள்ளி என்று பிரித்துக் கட்டினேன். 12 மாதத்தில் முதல் அட்டை தீர்ந்தது. பிறகு 1,050 வெள்ளியையும் இரண்டாவதன் பக்கம் திருப்பியதால், அடுத்த இரண்டே மாதத்தில் அதுவும் ஏறக்குறைய முடிந்தது.

இடையில் ஒருவர் கைப்பேசியில் அழைத்து, 800 வெள்ளி கொடுத்தால் பேங்க் நெகாராவின் கறுப்புப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கித் தருவதாகச் சொன்னார். அப்படி ஒரு பட்டியலே சிசிரிஸில் இல்லை. வங்கிகள் அனுப்பும் விவரம் அதில் பதிவாகிறது. கடன் தருவதா வேண்டாமா என்பதை அந்தந்த வங்கிதான் முடிவு செய்கிறது. விவரம் தவறாக இருந்தால் அதை அனுப்பிய வங்கியிடம் திருத்தம் கேட்கலாம். சரியாக இருந்தால் பணம் வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது. தயவுசெய்து இப்படிப்பட்டவர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

என் கட்டங்களை மாற்றியது காலம்தான். ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய 0 சேர, பழைய கட்டம் ஒன்று மறுமுனையில் விழுந்துகொண்டே வந்தது. தனியார் கடன் தகவல் நிறுவனமான சிடிஓஎஸ் தரும், 300 முதல் 850 வரை போகும் மதிப்பெண்ணில் 588இல் இருந்த நான் 2024இல் 702க்கு வந்தேன்.

செந்தூலிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, உங்களைப் போல மாதம் 1,050 வெள்ளி ஒதுக்க எனக்கு வழியில்லை. மூன்று அட்டைகளும் ஒரு தனிநபர் கடனும் சேர்ந்து என் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்ததால், கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை தரும் ஏகேபிகே அமைப்பை நாடினேன். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய அந்த அமைப்பு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து மாதச் செலவு முழுவதையும் எழுதச் சொன்னார். அம்மாவின் சர்க்கரை மருந்தை எழுதும்போது, அதையும் குறைக்கச் சொல்வாரோ என்று தயங்கினேன். அவர் அந்த வரியின் கீழே கோடு போட்டு, இதில் கை வைக்கக் கூடாது என்றார். அந்த ஒரு சொல்லில் என் அச்சம் விலகியது.

வங்கிகளுடன் பேசி வட்டியைக் குறைத்து, எல்லாக் கடனையும் ஒரே மாதத் தவணையாக்கித் தந்தார்கள். அதற்கு ஈடாக என் அட்டைகள் ரத்தாயின. திட்டம் முடியும்வரை புதுக் கடனும் எடுக்க முடியாது. அந்தத் திட்டத்தில் இருப்பது சிசிரிஸிலும் தெரியும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டு செல்லுங்கள். கட்டவே முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு இதுவே நேர்மையான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டர்வொர்த் உறுப்பினர்:

நன்றி, தங்கச்சி. நான் ஓர் அட்டையை மட்டும் மூடாமல் வைத்திருக்கிறேன். அதில் பெட்ரோல் மட்டுமே போடுகிறேன். மாதம் 200 வெள்ளியைத் தாண்டுவதில்லை. சம்பளம் விழுந்த அன்றே அந்த முழுத் தொகையும் போய்விடுகிறது.