பழைய கேம்பெய்ன் முடிந்தது, இரண்டாம் பாகத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மொட்டைமாடி டிஎம், வேளச்சேரி
வணக்கம் நண்பர்களே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, நான் நடத்திய கேம்பெய்ன் (பல நாள் ஆடும் தொடர்கதை) இப்போதுதான் முடிந்தது. எல்லாரும் 15ஆம் லெவல். கடைசிச் சண்டையில் வில்லனான லிச் (செத்தும் சாகாத மந்திரவாதி) விழுந்தான், ஆனால் உயிரை ஒளித்துவைத்திருக்கும் அவன் பேழை சிக்கவில்லை. எங்கள் குழுவின் புனித வீரரான பாலடின் அங்கேயே இறந்தார். உயிர்ப்பிக்க வேண்டாம் என்று அவரை ஆடியவரே சொல்லிவிட்டார். மற்றவர்கள் அவரைத் துறைமுக நகரத்துக்கு வெளியே புதைத்து, கருவூலத்தை அப்படியே அகதிகளுக்குக் கொடுத்து, ஆட்சியை ஊர்ச்சபையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

இப்போது இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். இரண்டு பேருக்குப் பழைய கேரக்டரே வேண்டும், மற்றவர்களுக்குப் புதியது. லிச்சைவிடப் பெரிய வில்லனாக ஓர் அரக்கக் கடவுளை வைத்து எழுதிப் பார்த்தேன், கதை நகரவே மாட்டேன் என்கிறது. எங்கே இடிக்கிறது?

இருபதுமுகப் பகடை, அண்ணா நகர்
அரக்கக் கடவுள்தான் இடிக்கிறது. அவனுக்கும் உங்கள் பிளேயர்கள் செய்த எதற்கும் சம்பந்தமே இல்லையே! 15ஆம் லெவல் விசார்டுக்கு இடம் தாவும் டெலிபோர்ட் மந்திரம் உண்டு, கிளெரிக்குக்கு இறந்தவரை எழுப்பும் ரெசரெக்‌ஷன் உண்டு. தூரமும் மரணமும் தடை இல்லை என்றால் மிரட்ட என்ன மிச்சம்? அதோடு கடைசி லெவலான 20க்கு இன்னும் ஐந்தே லெவல்தான்.

கதையை 30 ஆண்டு தள்ளி வையுங்கள். எல்லாரும் புதிய கேரக்டரோடு முதல் லெவலில் தொடங்கட்டும். பழையவர்கள் உயிரோடு, வேறு பொறுப்புகளில் இருக்கட்டும். அந்த இருவருக்கும் இடையிடையே பழைய கேரக்டரை வைத்து ஒன்-ஷாட் (ஒரே அமர்வில் முடியும் தனிக்கதை) போடுங்கள், மனசு ஆறும்.

ஓலைக்குடம், தாம்பரம்
எனக்கு அந்தக் கருவூலம்தான் கண்ணில் பட்டது. நல்ல காரியம்தான், ஆனால் யாரும் கணக்குக் காட்டவில்லையே?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 919, 921. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள் அதில் உள்ளன. 921 விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், வீடு சொந்த மனையில் இருக்க வேண்டும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள்; விவரம் அறியாத ஒரு சிறுவன்தான் எடுப்பான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போட முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும்தான்!

இந்த விதியை உங்கள் ஊர்ச்சபைக்குக் கொடுங்கள். புதிய கேரக்டர்கள் எல்லாரும் பழைய வீரர்களின் பிள்ளைகள், மருமக்கள். உலகத்தைக் காப்பாற்றியவர்களின் குடும்பம், ஆனால் சொந்த ஊர்ச்சபையில் உட்காரத் தகுதி இல்லை. பணம் யாரிடம் போனது என்று ஒவ்வோர் அகதிக் குடியிருப்பாகத் தேடிப் போவதுதான் முதல் சில லெவல்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பாருங்கள், காலையில் கிளம்பினால் சாயங்காலம் சென்னை திரும்பிவிடலாம்.

மொட்டைமாடி டிஎம்
படித்ததும் கை துறுதுறுத்தது, நன்றி! ஒரு சிக்கல்தான். பேழை தப்பினால் லிச் ஒன்றிலிருந்து பத்து நாளுக்குள் புது உடம்போடு வந்துவிடுவானே. 30 ஆண்டு என்ன செய்தான்?

நடுகல், பெரம்பூர்
பேழைக்கு உயிர்களை ஊட்டிக்கொண்டே இருக்காவிட்டால் லிச் சிதைந்து போவான், அதுவும் விதிதான். அப்படியென்றால் 30 ஆண்டாக ஊட்டியது யார்? சண்டையில் இறந்த வீரனுக்கு நம் ஊரில் நடுகல் நட்டுப் படையல் போடுவார்கள். பாலடினுக்கும் அகதிகள் நட்டிருப்பார்கள். அவரோடு புதைத்த பொருட்களில் ஒன்றுதான் அந்தப் பேழை, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. புது உடம்பு பேழைக்குப் பக்கத்திலேயேதான் உருவாகும், அதாவது கல்லுக்கு அடியில். நேர்ந்துகொண்டு வருபவர்களில் அவ்வப்போது ஒருவர் வீடு திரும்புவதில்லை. உயிர் தானாக நடந்து வரும்போது அவன் ஏன் வெளியே வர வேண்டும்?

ஆனால் பாலடினை ஆடியவரிடம் முன்பே தனியாகக் கேட்டுவிடுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் அந்தச் சமாதியைத் தொட வேண்டாம்.

மொட்டைமாடி டிஎம்
கேட்டேன். பேழை விஷயம் முழுக்கச் சொல்லியும் சரி என்றார், கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் அவரே எழுதித் தருவாராம். பாலடினின் தங்கை மகளாக ஆடப் போகிறார். வரும் ஞாயிறு செஷன் ஜீரோ, ஆட்டத்துக்கு முன் எல்லாரும் கூடிப் பேசும் நாள். அதற்குள் சபை விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன். அரக்கக் கடவுளைத் தூக்கிவிட்டேன்.