ஜிசிசி சிம்லிங்க் யாருடைய சொத்து?

கொட்டாஞ்சேனைக்காரன்:
நேற்று ஒருத்தர் எழுதியதைப் பார்த்துச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. உபுண்டு 22.04 லினக்ஸில் ஜிசிசி 12 ஐ (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்) நிறுவி, ஒரே வேலைக்கான பல மென்பொருள்களில் ஒன்றைத் தெரிவுசெய்யும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் மூலம் அதையே வழமையான கம்பைலர் ஆக்கினால் "நூறு வீதம் பாதுகாப்பு" என்கிறார். உபுண்டுவில் ஜிசிசி என்ற பெயர் ஆல்டர்நேட்டிவ்ஸின் பொறுப்பில் இல்லை. அது ஜிசிசி பொதிக்கு (நிறுவும் மென்பொருள் கட்டுக்கு) சொந்தமான சிம்லிங்க், அதாவது இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு; ஜிசிசி 11 ஐக் காட்டும். அந்தப் பொதிக்கு அப்டேட் வரும் நாளில் நீங்கள் வைத்த இணைப்பு காலி.

வெள்ளவத்தை மச்சான்:
அந்த 'ஒருத்தர்' நான்தான். பெயரைச் சொல்ல வாய் கூசுகிறதா? 2024 தொடக்கத்தில் 6.5 கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வந்ததும் என் கணனியில் அதற்கேற்ப என்விடியா கிராஃபிக்ஸ் கார்ட் டிரைவர் பில்ட் ஆகவில்லை. அந்தக் கர்னலைக் கட்டியது ஜிசிசி 12. அது கேட்ட 'எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்' ஆப்ஷன் என்னிடமிருந்த 11 க்குத் தெரியாது. 12 க்கு மாற்றினேன், திரை வந்தது. அன்றிலிருந்து ஓடுகிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஓடுகிறது என்பது ஒரு பதிலா? சிம்லிங்க் யாருடையது? ஒரு கோப்பு எந்தப் பொதியுடையது என்று காட்டும் 'டிபிகேஜி -எஸ்' (பெரிய எஸ்) அடித்துப் பாருங்கள். தேவையென்றால் அந்த ஒரு பில்டுக்கு மட்டும் எந்தக் கம்பைலர் என்று சொல்லும் 'சிசி=ஜிசிசி-12' கொடுத்திருக்கலாம்.

வெள்ளவத்தை மச்சான்:
கர்னல் அப்டேட் நடுச்சாமத்தில் தானாக ஓடுகிறது அண்ணை. புதுக் கர்னலுக்கு டிரைவரைத் தானே கட்டும் டிகேஎம்எஸ்ஸுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சிசி ஊட்டிவிட நீங்கள் வருவீர்களா?

பொதிப்பிரியை:
'சிசி' என்ற கம்பைலர் கட்டளைப் பெயர் ஆல்டர்நேட்டிவ்ஸில்தானே இருக்கிறது? அதோடு சி++ கம்பைலரான ஜி++ ஐயும் சேர்த்து மாற்றினீர்களா? ஜிசிசி 12, ஜி++ 11 என்று அரைகுறையாக நின்ற மெஷின்களைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தங்கச்சி, நான் கேட்டது ஜிசிசி. சிசி அல்ல. சிம்லிங்க் யாருடையது?

தமிழ்க்காவலன்:
முதலில் 'கணனி' என்று எழுதுவதை நிறுத்துங்கள். கணினி.

வெள்ளவத்தை மச்சான்:
நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே கணனி என்றுதான் எழுதினோம். உங்கள் 'னி' இல்லாமலே என் டிரைவர் ஓடுகிறது.

தமிழ்க்காவலன்:
பிழையைப் படித்ததில் ஒரு பெருமை வேறு.

வெள்ளவத்தை மச்சான்:
பெருமை பற்றி அண்ணையிடம் கேளுங்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகளே நம்பியிருக்கும் பைத்தன்3 சிம்லிங்கை மாற்றச் சொல்லி ஒரு பையனுக்கு யோசனை சொன்னவர் யார்? டெர்மினலே திறக்கவில்லை என்று அவன் இங்கே வந்து அழுதானே! அன்றைக்குச் சொத்துரிமை எங்கே போனது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
அது வேறு கதை. அவன் நான் சொன்னதை முழுதாகச் செய்யவில்லை. சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள்: சிம்லிங்க் யாருடையது?

பொதிப்பிரியை:
இருவருமே ஜிசிசி 13 பக்கம் போகாதது நல்லது. என்னோடு வேலை செய்பவர் 13 இல் கட்டிய பைனரியை (ஓடத் தயாரான நிரலை), சி++ நூலகம் பழையதாக இருந்த ஒரு சர்வருக்கு அனுப்பி, 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 இல்லை' என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
13 பற்றி யாரும் கேட்கவில்லை.

வெள்ளவத்தை மச்சான்:
சரி, டிபிகேஜி அடித்தேன். ஜிசிசி பொதியுடையதுதான். ஆனால் கம்பைலர் இருக்கும் ஜிசிசி-11 பொதி 11.4 வரை போன பிறகும் சிம்லிங்க் உள்ள இந்தப் பொதி 2022 இல் வந்த 11.2 இலேயே நிற்கிறது. வராத அப்டேட்டைக் காட்டித்தானா இத்தனை நேரம் பயமுறுத்தினீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஆக, பொதியுடையது என்று ஒத்துக்கொண்டீர்கள்.

வெள்ளவத்தை மச்சான்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
மேலே எழுதியிருக்கிறீர்கள், வாசித்துப் பாருங்கள். உபுண்டு 24.04 க்கு ஏறும் நாளில் அந்தப் பொதி 13 ஐக் கொண்டுவரும். அன்றைக்கு ஆல்டர்நேட்டிவ்ஸ் 12 என்று சொல்லும், சிம்லிங்க் 13 என்று சொல்லும். அப்போது இங்கே வந்து கேள்வி போடாதீர்கள்.

வெள்ளவத்தை மச்சான்:
போட்டாலும் உங்களிடம் போடமாட்டேன்.

தமிழ்க்காவலன்:
'சிம்லிங்க்' என்பதற்கும் தமிழ் இருக்கிறது.