மறுவாழ்வு மையக் கண்காணிப்புக் குழு: போய் எதைப் பார்ப்பது?

குறுக்குக்கணக்கு:
வணக்கம். தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அரசு நிதியில் நடக்கும் போதை மறுவாழ்வு மையம் ஒன்றின் கண்காணிப்புக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். ரசீது பார்க்கத் தெரியும், நோயாளியைப் பார்க்கத் தெரியாது. போன வாரம் முதல் தடவை போனேன். கணக்கில் ஓர் ஓட்டை இல்லை. படுக்கை நிரம்பியிருக்கிறது. சிகிச்சையை முடித்தவர்கள் 100-க்கு 90 பேராம். இவ்வளவு சுத்தமாக இருப்பதே உறுத்துகிறது. அடுத்த முறை என்ன கேட்கட்டும்?

இரவுஷிப்ட்:
ஐயா, உறுத்தியது சரிதான். 16 வருஷம் இந்த வார்டில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். "முடித்தவர்" என்றால் நாள் கணக்கை முடித்தவர், அவ்வளவுதான். அந்த எண்ணுக்காக, சுலபமான கேஸை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பலனைப் பார்த்துப் பணம் கொடுத்தாலும் சரியாகிவிடாது. இங்கிலாந்தில் 2012-இல் 8 பகுதிகளில் அப்படிச் செய்து பார்த்தார்கள். மற்ற பகுதிகளைவிட அங்கே சிகிச்சையை முடித்தவர்கள் குறைந்துபோனார்கள். அதனால் சேர்த்தவர் பதிவேட்டை விடுங்கள், "இடமில்லை" என்று அனுப்பியவர் பதிவேட்டைக் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லை என்பார்கள். அதையே அறிக்கையில் எழுதுங்கள்.

அப்புறம், ராத்திரி போங்கள், சொல்லாமல். குடியை நிறுத்தியவருக்கு வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் பிதற்றல் பிடிக்கும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரம் டூட்டியில் யார்? டாக்டர் வர எவ்வளவு நேரம்? இந்த வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மருந்தான டயசெபாமின் ஸ்டாக் புத்தகமும் கேஸ் ஷீட்டும் ஒத்துப்போகிறதா? ஸ்டாக் பார்ப்பது உங்கள் வேலையாயிற்றே.

ஹெராயின் கேஸ் என்றால் வெளியே போன முதல் சில வாரம்தான் பயம். உடம்பு தாங்கும் அளவு குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். போனவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க, நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருந்ததில்லை.

நாலாம்வருஷம்:
நான் உள்ளே இருந்தவன் சார். ஆய்வு வரும் நாள் எங்களுக்கு முன்னாடியே தெரியும், புது பெட்ஷீட் விரிப்பார்கள். வரிசையில் நிற்க வைத்து, பக்கத்தில் வார்டனையும் வைத்துக்கொண்டு "குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டால் எவன் வாயைத் திறப்பான்? புகார்ப் பெட்டி இருந்தது. சாவி வார்டன் இடுப்பில். ஒன்று கேளுங்கள்: கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவன், நினைத்தால் கையெழுத்துப் போட்டு வெளியே போக முடியுமா? பூட்டி வைக்கும் கட்டாய மையங்களை மூடச் சொல்லி 2012 மார்ச்சிலேயே ஐ.நா.வின் 12 அமைப்புகள் சேர்ந்து அறிக்கை விட்டாயிற்று.

குறுக்குக்கணக்கு:
தம்பி, நான் பார்த்த பெட்டி மேனேஜர் மேசைக்கு எதிரில் இருந்தது. நோயாளிகள் அந்த அறைக்கு வரக்கூடாதாம்! கடந்த ஆண்டு வெளியே போனவர்கள் பட்டியலைக் கேட்டு இன்றே கடிதம் எழுதிவிட்டேன்.

இரவுஷிப்ட்:
வந்ததும், பத்துப் பேருக்கு நீங்களே போன் போட்டுப் பாருங்கள் ஐயா. எத்தனை நம்பர் ஒரே நம்பர் என்பதையும் பாருங்கள்.