பின் டயர் 22,000 கி.மீ. ஓடிவிட்டது, மழைக்கு முன் மாற்ற வேண்டுமா?

கேம்ப்ரோடு_பல்சர்:
அப்பாவின் பல்சர் 150. அஞ்சு வருஷம் பெரும்பாலும் வீட்டில்தான் நின்றது. இரண்டு வருஷமாக நான் ஓட்டுகிறேன். கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாகத் தரமணி. போக வர 40 கி.மீ. நான் எடுத்தபோது மாற்றிய பின் டயர் இப்போது 22,000 தாண்டிவிட்டது. முன் டயர் வண்டியோடு வந்தது, பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) இன்னும் இருக்கிறது.

போன வாரம் தூறலில், விஜயநகர் சிக்னலில் பிரேக் பிடித்தேன். வெள்ளைக் கோட்டின் மேல் பின்சக்கரம் சர்ரென்று ஒரு பக்கம் இழுத்தது. விழவில்லை, ஆனால் பின்னால் மனைவி இருந்தாள். கடைக்காரர் இன்னும் ஐயாயிரம் தாங்கும் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அம்பத்தூர்_அண்ணாச்சி:
தம்பி, கிலோமீட்டரை விடுங்கள். டயர் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டன் இடுக்கில் ஒரு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. சட்டப்படியும் இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மி.மீ. ஆழம் வேண்டும். ஓரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், நடுவில் பாருங்கள். நம் ஊர் நேர் ரோட்டில் நடுப்பகுதிதான் முதலில் தட்டையாகும். இடுக்கு இல்லாவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை, டயர் தண்ணீர் மேல் மிதக்கும்.

அப்புறம் காற்று. என் வண்டியில் முதல் பின் டயர் 16,000-லேயே மொட்டையானது. அமுங்கித் தெரிந்தால்தான் காற்று அடிப்பேன். அடுத்த டயருக்கு வாரம் ஒருமுறை, காலையில் வண்டி சூடாகும் முன் வீட்டுக்குப் பக்கத்து பெட்ரோல் பங்கில் பார்த்தேன். அதே ரோடு, அதே ஆள், 27,000 வந்தது. உங்கள் வண்டிக்கு முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் தனியாகப் போனால் 28, மனைவியோடு போனால் 32.

வேளச்சேரி_வாசி:
எனக்குப் பயம் அந்த முன் டயர் மேல்தான். பிரேக் பிடிக்கும்போது எடை பெரும்பாலும் முன்னால்தான் வருகிறது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1218 என்றால் 2018-இன் 12-ஆவது வாரம் செய்தது. சென்னை வெயிலில் நின்றே ரப்பர் இறுகிவிடும். பட்டன் இருக்கும், பிடிப்பு இருக்காது.

கேம்ப்ரோடு_பல்சர்:
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்னால் நடுவில் மேடும் பட்டனும் ஒரே மட்டம். முன்னால் 3117, இடுக்கெல்லாம் மயிரிழை வெடிப்பு. இத்தனை நாள் இதில்தான் அவளை ஏற்றிப் போயிருக்கிறேன். சனிக்கிழமை ஜி.பி. ரோடு டயர் கடைக்குப் போய் இரண்டையும் மாற்றிவிடுகிறேன். வேறு ஏதாவது பார்க்கணுமா அண்ணாச்சி?

அம்பத்தூர்_அண்ணாச்சி:
நல்ல முடிவு தம்பி. வாங்கும் டயரிலும் அந்த நாலு எண்ணைப் பாருங்கள், பழைய ஸ்டாக் வேண்டாம். டியூப்லெஸ் என்றால் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புது டயரின் மேல்பூச்சு வழுக்கும். முதல் 150 கி.மீ. திடீர் பிரேக், வேகமான வளைவு இரண்டும் வேண்டாம். அதுவரை மனைவியைப் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.