மொபைல் ஹோம் பார்க் (ஆலையில் கட்டி இழுத்து வந்த வீடுகளை வாடகை மண்ணில் நிறுத்தும் இடம்) கைமாறிப் பெரியவர்கள் வெளியேறியதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடலோரம்:
ஃப்ளோரிடாவில் தாம்பா பக்கம். பார்க் இடம் விற்றாகிவிட்டது, காலி செய்ய ஆறு மாதக் கெடு, மீதி உங்களுக்கே தெரியும். மனசை விட்டுப் போகாதது ஒன்றுதான். எண்பது வயசு அம்மா ஒருவர் வீட்டின் பின்கோடிச் சுவரில் பழைய பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அமெரிக்க மத்திய அரசின் தரத்தில் கட்டிய வீடு என்று காட்டும் இரண்டுக்கு நாலு அங்குலச் சிவப்புத் தகட்டைத் தேடினார். எங்கே கிடைக்கும்? 1976 ஜூன் 15-க்கு முன் கட்டிய வீட்டுக்கு அந்தத் தகடே கிடையாது. தகடு இல்லாத வீட்டை வேறு பார்க்குக்கு இழுத்துப் போனாலும் பெரும்பாலானவை உள்ளே விடுவதில்லை. வீடு சொந்தம், மண் வாடகை.

ஜாக்கி:
தகடு இருந்தால் மட்டும் வீடு கிளம்பிவிடுமா? ஸ்கர்ட்டிங்கை, அதாவது வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைக்கும் பலகையை, கழற்றி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அச்சும் டயரும் பல வீடுகளில் நிறுத்திய அன்றே போயிருக்கும். இரும்புச் சட்டத்தில் துரு ஏறியிருந்தால் இழுக்கும்போதே வளையும். குளியலறைக் குழாய் ஒழுகிய இடத்தில் தரைப்பலகை ஊறிக் கிடக்கும். டபுள்வைட், அதாவது இரண்டு பாதிகளைச் சேர்த்த வீடு, என்றால் நடுவில் பிரித்து இரண்டு வண்டி. முகட்டை மறுபடி மூட வேண்டும். பின்னால் சேர்த்த அறையும் கார்போர்ட்டும் வராது. போகிற இடத்தில் தாங்குகற்கள், நங்கூரப் பட்டை, மின்சாரம், கழிவுநீர் இணைப்பு, பெர்மிட் எல்லாம் புதிதாக. வெறும் இழுகூலியை மட்டும் விலை கேட்டு ஏமாறாதீர்கள்.

காகிதம்:
ஜாக்கி சொன்னது சரி, ஆனால் பணம் எங்கிருந்து வரும்? ஃப்ளோரிடாவில் நில உபயோகம் மாறி வெளியேற்றினால்தான் வீட்டை நகர்த்த மாநிலத்தின் இடமாற்ற நிதி கிடைக்கும். 2024-இல் அதன் உச்சவரம்பு ஒற்றைப் பகுதி வீடான சிங்கிள்வைடுக்கு 3,000-லிருந்து 6,500 டாலராகவும், டபுள்வைடுக்கு 6,000-லிருந்து 11,500 டாலராகவும் உயர்ந்தது. செலவு அதற்குக் கீழே என்றால் செலவுத்தொகை மட்டும். வாடகையை ஏற்றி ஏற்றியே ஆளைக் கிளப்பினால் ஒரு காசு வராது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். கெடு ஓடும்போது கோபத்தில் வாடகையை நிறுத்தவும் கூடாது. நில உபயோகம் மாறும் அறிவிப்புக்கு முன்பே வாடகை பாக்கிக்காகப் போட்ட வெளியேற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் நிதி போச்சு. வீட்டை நகர்த்தாமல் பார்க்கிலேயே விட்டுக்கொடுத்தால் கிடைப்பது இன்னும் குறைவு, உரிமைப் பத்திரமும் கையைவிட்டுப் போகும். தொகையைப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

வடகோடி:
எல்லாரும் கிளம்புவதையே பேசுகிறீர்கள். குடியிருப்பவர்களே பார்க்கை வாங்கலாமே. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பார்க்கை விற்பதற்கு முன் அவர்களுக்கு 60 நாள் முன்னறிவிப்பு உண்டு. அங்குள்ள மெரிடித் ஊரில் 1984-இலேயே குடியிருப்பவர்கள் கூட்டுறவாகப் பார்க்கை வாங்கினார்கள்.

காகிதம்:
இங்கே ஃப்ளோரிடாவில் குடியிருப்பவர்கள் பார்க்கை வாங்க 45 நாள். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் எழுத்தில் சம்மதித்துச் சங்கம் முன்பே பதிவாகியிருந்தால்தான். வாங்குகிறவர் தானாக வந்து விலை பேசினால் அந்த 45 நாளும் இல்லை.