சீகை மரத்தை எடுத்தால் ஓடையில் தண்ணீர் கூடுகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

கேட்டவர்: கோத்தகிரிச் சரிவு

கோத்தகிரி பக்கம் பட்டா நிலத்தில் சுமார் 8 ஹெக்டேர் சரிவு. முக்கால்வாசி சீகை (வாட்டில் மரம்), மீதி புல். அடியில் ஓர் ஓடை. மாசி, பங்குனியில் நூலாக ஒழுகும். சீகையை எடுத்துவிட்டுப் புல்லும் சோலை (மலையின் இயற்கைக் காடு) மர நாற்றும் வைக்கத் திட்டம். 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிக்கு மனு போயிருக்கிறது. தண்ணீர் கூடினால் ஆதாரத்தோடு மற்ற ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்களுக்கும்) காட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு கோடை, வெட்டிய பின் ஒரு கோடை, வாளி வைத்து அளக்கலாம் என்று யோசனை. கல்லூரி மாணவர்கள் இருவர் உதவிக்கு உண்டு. இது போதுமா?

நீரளவை:

போதாது சார். அப்படி அளந்தால் அந்த இரண்டு வருடத்து மழை வித்தியாசம்தான் கைக்கு வரும். ஐப்பசி மழை ஒரு வருடம் கொட்டி மறு வருடம் ஏமாற்றினால், ஒரு மரம்கூட வெட்டாவிட்டாலும் பங்குனி ஓடை பாதியாகிவிடும். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஓடை வற்றிய வருடத்தில்தான் மரத்தை வெட்டலாம் என்ற பேச்சே எழும். படுமோசமான வருடத்துக்கு அடுத்த வருடம் பெரும்பாலும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். அந்த ஏற்றத்தையும் வெட்டியதன் கணக்கில் எழுதிவிடுவோம்.

உங்களுக்கு வேண்டியது ஒப்பீட்டு ஓடை. அதே சரிவு முகம், கிட்டத்தட்ட அதே பரப்பு, அதே மாதிரி சீகை. ஆய்வு முடியும்வரை அங்கே யாரும் மரத்தில் கை வைக்கக் கூடாது. இரண்டு ஓடையையும் ஒரே நாளில் அளந்துகொண்டே வந்து, 'அது இவ்வளவு ஓடினால் இது இவ்வளவு ஓடும்' என்ற உறவை வெட்டுவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும். வெட்டிய பிறகு அந்த உறவு மாறினால்தான் மரத்தைப் பற்றிப் பேச முடியும்.

நம் நீலகிரியிலேயே கிளன்மார்கனில் இப்படித்தான் செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் 1971 வரை ஒன்றும் செய்யாமல் அளந்தார்கள். 1972இல் ஒன்றில் மட்டும் 59% பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்து ஆண்டில் அந்த ஓடையின் ஆண்டு நீரோட்டம் சராசரியாக 16% குறைந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் அதிகம். ஆனால் அங்கே சோதித்தது புல்வெளியில் கற்பூர மரம் வைப்பதை. சீகையை எடுத்தால் தண்ணீர் திரும்புமா என்பது வேறு கேள்வி. அந்த 16%ஐ அப்படியே உங்கள் ஓடைக்குத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஆய்வுக்கு மதிப்பு இருப்பதே இதனால்தான்.

ஒப்பீட்டு ஓடையை மேற்குப் பக்கம் தேட வேண்டாம். அங்கே தென்மேற்குப் பருவமழைதான் ராஜா. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. பதிவானது. கோத்தகிரி நம்பியிருப்பது வடகிழக்கை. இரண்டு கிலோமீட்டருக்குள் கிடைத்தால் நல்லது.

மரம் விழும் முன் கணிப்பைத் தாளில் எழுதித் தேதி போட்டு வெளியாள் ஒருவரிடம் கொடுங்கள்: எந்த மாதங்களின் நீரோட்டம், எத்தனை சதவீதம் கூடினால் 'கூடியது' என்று ஒப்புக்கொள்வோம், எவ்வளவுக்குக் கீழே போனால் நம் கருத்து தவறு என்று சொல்வோம். கடைசி வரியை எழுதாமல் விட்டால் பிறகு எந்த எண் வந்தாலும் அதற்கொரு விளக்கம் கண்டுபிடித்துவிடுவோம்.

ஓடைக்கரை:

வாளி கோடைக்கு மட்டும்தான் சரி. மழைக்காலத்துக்கு 90 டிகிரி வி-நாட்ச் தகடு (ஓடைக்குக் குறுக்கே வைக்கும், மேலே V வடிவ வெட்டு உள்ள தகடு) வையுங்கள், இரண்டு ஓடையிலும். சூத்திரம்: 1.38 × உயரம்^2.5. உயரம் என்பது வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர்மட்டம், மீட்டரில்; விடை விநாடிக்கு கன மீட்டரில். நீர்மட்டம் 10 செ.மீ. என்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 5 செ.மீ. என்றால் 0.77 லிட்டர்.

அந்த 2.5 அடுக்குதான் ஆளைக் கவிழ்க்கும். 10 செ.மீ. மட்டத்தில் 3 மி.மீ. தவறாக வாசித்தால் நீரோட்டத்தில் சுமார் 7.5 சதவீதம் பிழை. 1 செ.மீ. கூட்டி வாசித்தால் 27%. நீங்கள் தேடும் மாற்றமே அந்த அளவுதான் இருக்கும். அதனால்:

அளவுகோலைத் தகட்டின் மேல் ஒட்டாதீர்கள். வெட்டுக்கு அருகே நீர்மட்டம் சரிந்திருக்கும். அதிகபட்ச உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் மேலே தள்ளி நடுங்கள். அளவுகோலின் பூஜ்யம் வெட்டின் அடிமுனையோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டமோ தண்ணீர்க் குழாயோ வைத்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சரிபாருங்கள். விழும் நீர் தகட்டை ஒட்டாமல் தள்ளி விழ வேண்டும், 5 செ.மீ.க்குக் கீழே ஒட்டிக்கொள்ளும், அப்போது சூத்திரத்தை விட்டுவிட்டு வாளிக்குப் போங்கள். 10 லிட்டர் வாளி, மூன்று முறை, சராசரி. 5 செ.மீ. மட்டத்தில் வாளி 13 விநாடியில் நிறைய வேண்டும். 16 விநாடி ஆனால் அளவுகோலின் பூஜ்யம் தவறியிருக்கும், அல்லது நீர் முழுவதும் வாளிக்குள் விழவில்லை. சரிசெய்துவிட்டு மறுபடி அளங்கள்.

வெட்டிய முதல் மழையில் மண் கரைந்து வந்து தகட்டுக்குப் பின்னால் தேங்கும். வாராமல் விட்டால் நீர் வேகத்தோடு தகட்டை அடையும், சூத்திரம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இது வெட்டிய ஓடையில் மட்டும் நடக்கும் பிழை என்பதால் ஒப்பீட்டு ஓடை உங்களைக் காப்பாற்றாது. மழைமானியும் அப்படியே. சீகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், மரம் போனதும் காற்று கூடி மானியில் விழும் மழை குறையும். சுற்றியுள்ள மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளித் திறந்த வெளியில் வையுங்கள், தினமும் காலை 8.30க்கு வாசியுங்கள்.

கோத்தகிரிச் சரிவு:

இருவருக்கும் நன்றி. ஒப்பீட்டு ஓடை ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் தேயிலைத் தோட்டத்துக்கு மோட்டார் போடுகிறார்கள். வெட்டுவதற்கு முன் கிளன்மார்கன் மாதிரி மூன்று, நான்கு வருடமெல்லாம் காத்திருக்க முடியாது. ஒரு வருடம் கிடைக்கும். வாரம் ஒருமுறை அளந்தால் 52 புள்ளி ஆகிறதே?

சராசரி:

52 புள்ளி என்று எண்ண முடியாது. கோடையில் ஓடை வடியும்போது இந்த வார அளவு போன வாரத்தின் தொடர்ச்சிதான். தை முதல் பங்குனி வரை பன்னிரண்டு வாரம் அளந்தாலும் ஒரே ஒரு வடிதலைப் பார்த்திருக்கிறீர்கள். நீரளவை சொன்ன உறவை ஒரு வருடத்தில் கோடாக வரையலாம். அந்தக் கோட்டின் இருபக்கமும் எவ்வளவு அகலத்துக்கு இயல்பான ஆட்டம் இருக்கும் என்பது தெரியாது. அது தெரியாமல் 15% கூடுதல் என்பதற்கு அர்த்தம் இல்லை.

காத்திருக்க முடியாதென்றால் ஒரு வழி: மூன்றாவதாக இன்னோர் ஓடையையும் சேருங்கள். தொடாத இரண்டு ஓடைகள் ஒன்றுக்கொன்று வருடாவருடம் எவ்வளவு விலகுகின்றன என்பது தெரிந்துவிடும். வெட்டிய ஓடை அதைவிடத் தெளிவாக விலகினால் பேசலாம். அப்போதும் ஆண்டு மொத்தத்தை விட்டுவிட்டுக் கோடை நீரோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

நீரளவை:

மூன்றாவது ஓடை நல்ல யோசனை. ஆனாலும் ஒரு வருடம் போதும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அனுமதி வருவதற்கே நாளாகலாம். தகடுகளை இன்றே வைத்துவிட்டால் அந்த மாதங்களும் கணக்கில் சேரும்.

மோட்டார் போடும் ஓடையை, தகட்டுக்கு மேலே எடுக்கிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். கீழே எடுத்தால் பிரச்சினை இல்லை. எல்லையையும் நடந்து பாருங்கள். 8 ஹெக்டேருக்கு 1:50,000 வரைபடம் போதாது. ரோட்டோர வடிகால் ஒன்று அடுத்த சரிவின் தண்ணீரை உங்கள் ஓடைக்குள் திருப்பிவிட்டிருக்கலாம்.

வெட்டிய பிறகு மறுமுளைப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பதியுங்கள். சீகை விதை மண்ணில் பல வருடம் கிடக்கும். வெயில் பட்டதும் அடர்த்தியாக முளைக்கும். நாற்றைப் பிடுங்காமல் விட்டால் நீங்கள் அளப்பது இளஞ்சீகைக் காட்டின் தண்ணீர்க் கணக்காகிவிடும். 5 மீட்டர் × 5 மீட்டர் கட்டம் பத்து, இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். முளைப்பு நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்துப் போட வேண்டாம்.