அப்டேட்: அம்மாவோட இருமல் நின்னுடுச்சு

போன மாசம் எழுதியிருந்தேன்ல, அம்மாவுக்கு மூணு மாசமா வறட்டு இருமல், எக்ஸ்ரே, சளி டெஸ்ட் எல்லாம் நார்மல்னு, காரணம் பிரஷருக்குப் போட்ட ராமிப்ரில் மாத்திரைதாங்க. அதால உடம்புல பிராடிகைனின்னு ஒண்ணு சேர்ந்துடும், அதுதான் இருமலைக் கிளப்புது. டாக்டர் டெல்மிசார்ட்டன்ங்கற வேற பிரஷர் மாத்திரைக்கு மாத்தினார், மூணாவது வாரம் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கினாங்க, நான்தான் பழக்கத்துல ரெண்டு தடவை எந்திரிச்சுப் பாத்தேன்.

"மாத்திரைப் பெட்டிக்குள்ள வர்ற விவரச் சீட்டுல போட்டிருக்குமே, படிக்கலையா"ன்னு சிலர் கேட்டீங்க. மெடிக்கல்ல பத்து மாத்திரை கத்தரிச்சுக் குடுக்கறாங்க, சீட்டு பெட்டியோட கடையிலேயே நின்னுடுது. நேத்து கேட்டு வாங்கினேன், எறும்பு மாதிரி எழுத்துல இங்கிலீஷ், மடிச்சு மடிச்சு, நடுவுல இருமல்னு ஒரே வார்த்தை. டாக்டருக்குத் தெரிஞ்சா போதும்னு கம்பெனி எப்படி விடலாம், முழுங்கறது எங்கம்மா இல்லையா? 2013-ல மத்திய அரசு சுகர் மாத்திரை பியோகிளிட்டசோனோட விற்பனையை ஜூன்ல நிறுத்தி, ஜூலைக் கடைசில சிறுநீர்ப்பை கேன்சர் எச்சரிக்கையைச் சீட்டுல கட்டம் கட்டிப் போடச் சொல்லித் திரும்ப விட்டாங்க, அந்தக் கட்டத்தை எத்தனை பேர் கண்ணால பாத்திருப்பாங்க?

பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024-க்குச் சொல்லலாம், மருந்துப் பக்கவிளைவைப் பதிவு பண்ற அரசோட இலவச நம்பர். நான் சொல்லிட்டேன். இருமல் வந்தா மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க.